தனிமமா, சேர்மமா, கலவையா: கையில் இருக்கும் பொருளை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்து மேசை மேல் வையுங்கள். இது தனிமமா, சேர்மமா, கலவையா? மூன்றுக்கும் வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள்கூட இந்த இடத்தில் தயங்குவார்கள். ஒரே மாதிரி பளபளக்கிறது, உலோகம், பெயரில் வேறு சில்வர் இருக்கிறது, அதனால் தனிமம் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அதில் வெள்ளி துளியும் கிடையாது. இரும்பு, குரோமியம், பெரும்பாலும் நிக்கல், கொஞ்சம் கார்பன் எல்லாம் சேர்ந்த கலவை அது.

வரையறையை மனப்பாடம் செய்வதால் இந்தத் தடுமாற்றம் போகாது. பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, இதைப் பிரிக்க என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்கப் பழக வேண்டும். வடிகட்டியோ, காய வைத்தோ, காந்தத்தைக் காட்டியோ பிரிந்தால் கலவை. அப்படியெல்லாம் பிரியாமல், வேதிவினை நடந்தால்தான் பிரியும் என்றால் சேர்மம். வேதிவினையாலும் அதைவிட எளிய பொருளாகப் பிரியாது என்றால் தனிமம். கீழே உள்ள படிகள் இந்தக் கேள்வியைக் கையால் கேட்டுப் பார்க்கும் வழிகள், அவ்வளவுதான்.

முதல் படி: எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "பென்சில் எதில் சேரும்?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது, ஏனென்றால் பென்சில் என்பது மரம், வண்ணப்பூச்சு, எழுதும் குச்சி எல்லாம் சேர்த்துச் செய்த ஒரு பண்டம். குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் கேட்கலாம். அது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது, எனவே கலவை. அதில் உள்ள கிராஃபைட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கார்பன், தனிமம்.

தண்ணீரும் அப்படித்தான். பாடப்புத்தகம் "நீர் ஒரு சேர்மம்" என்று சொல்லும்போது நீர் மூலக்கூறுகள் மட்டுமே உள்ள நீரைச் சொல்கிறது. உங்கள் குழாயில் வருவதில் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் கரைந்த காற்றும் இருக்கின்றன, ஆகவே அது கலவை. இரண்டு விடையும் சரிதான், கேள்விதான் வேறு. உப்பு பாக்கெட்டும் இதே கதை: சோடியம் குளோரைடு சேர்மம், ஆனால் அயோடின் சேர்த்த உப்பு என்று விற்கப்படுவதில் சோடியம் குளோரைடோடு மிகச் சிறிய அளவில் பொட்டாசியம் அயோடேட் போன்ற ஒன்றும், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்த்த இன்னொன்றும் இருக்கும்.

இரண்டாம் படி: உற்றுப் பாருங்கள், ஆனால் பார்த்ததை வைத்து அவசரப்படாதீர்கள்

ஒரு லென்ஸ் கிடைத்தால் நல்லது. கருங்கல் துண்டு ஒன்றை லென்ஸில் பார்த்தால் கண்ணாடி போல ஒரு மணி, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு மணி, கறுப்பாக மின்னும் தகடு என்று வேறு வேறாகத் தெரியும். வேறு வேறு பொருள்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கலவை என்று அங்கேயே முடித்துவிடலாம்.

ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். ஒரே மாதிரி தெரிந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. சர்க்கரைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, காற்று கண்ணுக்கே தெரிவதில்லை, பித்தளை எங்கு பார்த்தாலும் ஒரே மஞ்சள். மூன்றும் கலவைகள். இவற்றை ஒருபடித்தான கலவை என்கிறோம். தெளிவாக இருப்பதும் தூயதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்திலேயே மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

பால் நடுவில் நிற்கிறது. வெறும் கண்ணுக்கு ஒரே வெள்ளை, நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் மிதக்கும். நுண்ணோக்கி இல்லையா, சரி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, இருட்டு அறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். ஒளி போகும் பாதை புகைக்கோடு போலத் தெரியும். பக்கத்தில் உப்புக் கரைசலை வைத்து அதே டார்ச்சை அடித்தால் அந்தக் கோடு கிட்டத்தட்டத் தெரியாது. பாலில் உள்ள துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை, உப்பின் அயனிகள் (நீரில் கரையும்போது பிரியும் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள்) அப்படியில்லை.

மூன்றாம் படி: வேதிவினை இல்லாமல் பிரித்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வீட்டிலேயே செய்யலாம், பார்த்தால் மறக்காது.

முதலில் அந்தக் கரண்டியை நன்றாகத் துடைத்துவிட்டு அதன் குழிவில் நாலைந்து சொட்டுக் குழாய்த் தண்ணீர் விட்டு, யாரும் தொடாத இடத்தில் வைத்துவிடுங்கள். முழுதும் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துளியின் விளிம்பு இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது, கரைந்திருந்த உப்புகள் தங்கிவிட்டன. எந்த வேதிப்பொருளையும் சேர்க்கவில்லை, சும்மா வைத்திருந்தீர்கள், அதற்குள் ஒரு கலவை தன்னைத் தானே பிரித்துக் காட்டிவிட்டது. காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம் கிடைத்தால் இன்னொரு கரண்டியில் அதே அளவு விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் கறை ஏறக்குறைய இருக்காது.

இரண்டாவது, கறுப்பு ஸ்கெட்ச் பேனா. வடிதாளிலோ டிஷ்யூ பேப்பரிலோ ஒரு பட்டை வெட்டி, கீழிருந்து இரண்டு விரல் உயரத்தில் பேனாவால் ஒரு தடித்த புள்ளி வைத்து, பட்டையின் அடி மட்டும் நனையும்படி தண்ணீரில் தொங்கவிடுங்கள். புள்ளி தண்ணீருக்கு மேலேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மை கீழே கரைந்து போய்விடும். தண்ணீர் தாளில் ஏறி மையைத் தொட்டதும் கறுப்பு நகரத் தொடங்கும், நகர நகர உடையும், நீலம் ஒரு வேகத்தில் போகும், சிவப்பும் மஞ்சளும் வேறு வேகத்தில் போகும். பேனாவுக்குப் பேனா நிறங்கள் மாறும், சிலவற்றில் ஒரே சாயம்தான் இருக்கும். இதற்கு வண்ணப்பிரிகை என்று பெயர். அழியாத மை என்று எழுதியிருக்கும் பேனாவை எடுக்காதீர்கள், அது தண்ணீரில் நகராது.

வடிகட்டுதல், காந்தம், படிய வைத்து மேலே உள்ளதை இறுத்தல், காய்ச்சி வடித்தல் எல்லாம் இதே வகை. மணலும் உப்பும் கலந்திருந்தால் தண்ணீர் ஊற்றி வடிகட்டினால் மணல் நின்றுவிடும், வடிந்ததைக் காய வைத்தால் உப்பு கிடைத்துவிடும்.

நான்காம் படி: கொதிக்கும்போதும் உருகும்போதும் வெப்பநிலையைக் கவனியுங்கள்

மூன்றாம் படியில் பிரியவில்லை என்பதால் மட்டும் தூய பொருள் என்று சொல்லிவிட முடியாது, நாம் சரியான வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருந்திருக்கலாம். அப்போது வெப்பநிலை உதவும். தூய நீர் கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கடைசித் துளி வரை அதே வெப்பநிலையில் நிற்கும். உப்புத் தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் மேலே கொதிக்கத் தொடங்கும், நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடி வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். மெழுகுவர்த்தி மெழுகு ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சட்டென்று உருகாமல் முதலில் இளகி, குழைந்து, பிறகு உருகுவதும் இதனால்தான், அதில் வேறு வேறு நீளமுள்ள ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சேர்மங்கள்) கலந்திருக்கின்றன.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. எத்தனாலும் நீரும் ஏறக்குறைய 95.6 சதவீத எடை எத்தனால் என்ற விகிதத்தில் கலந்திருந்தால் அந்தக் கலவை தூய பொருள் போலவே சுமார் 78.2 டிகிரியில் ஒரே சீராகக் கொதிக்கும். ஆக, ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: தூய பொருள் என்றால், தனிமமா சேர்மமா?

முதலில் குறுக்குவழி. இதுவரை அறியப்பட்ட தனிமங்கள் 118 மட்டுமே. தனிம அட்டவணையில் அந்தப் பெயர் இருந்தால் தனிமம், இல்லாவிட்டால் பெரும்பாலும் தனிமம் இல்லை (கிராஃபைட், ஓசோன் போல ஒரு தனிமத்தின் ஒரு வடிவத்துக்கு மட்டும் தனிப்பெயர் இருப்பது விதிவிலக்கு). அன்றாட வாழ்வில் தனிமமாகவே கைக்கு வருபவை மிகக் குறைவு: மின்கம்பியில் உள்ள செம்பு, பழைய வெப்பமானியில் உள்ள பாதரசம், பலூனில் அடைக்கும் ஹீலியம், கந்தகம், 24 காரட் தங்கம், ஏறக்குறைய முழுவதும் அலுமினியமான அலுமினியத் தாள். 22 காரட் என்றதும் செம்போ வெள்ளியோ கலந்தாகிவிட்டது, 91.6 சதவீதம்தான் தங்கம். அடுப்புக்கரி கார்பன்தானே என்று தோன்றும், ஆனால் எரித்து முடித்த பிறகு சாம்பல் மிஞ்சுகிறதே, அந்தச் சாம்பல் கரிக்குள் வேறு பொருள்களும் இருந்ததைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், குறிப்பாகத் தமிழ்ப் பெயர்களில். துத்தநாகம் தனிமம், மயில்துத்தம் சேர்மம் (தாமிர சல்பேட்). செம்பு தனிமம், பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. கந்தகம் தனிமம், படிகாரம் சேர்மம். இந்தப் பெயர்கள் வேதியியல் வருவதற்கு வெகு காலம் முன்பே புழங்கியவை, உள்ளே என்ன இருக்கிறது என்று அவை சொல்லாது. ஆக்சைடு, குளோரைடு, கார்பனேட், சல்பேட் என்று முடியும் பெயர்களோ சேர்மம் என்று தாங்களே சொல்லிவிடும்.

குறுக்குவழி போகட்டும், கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பழைய கரண்டியில் ஒரு சிட்டிகை சர்க்கரையை வைத்துச் சிறு தீயில் காட்டுங்கள். உருகும், பழுப்பாகும், புகையும், கடைசியில் கறுப்பாக ஒரு கரி மிஞ்சும். வரும் ஆவிக்கு மேலே குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினால் அதில் நீர்த்திவலை படியும். வெள்ளைச் சர்க்கரையில் கரியும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஆனால் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் பிணைந்திருந்தன. அந்தப் பிணைப்பு உடைந்தது. ஆறிய கரியை எப்படிக் கலக்கினாலும் சர்க்கரை திரும்ப வராது.

இங்கே புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. செம்புக் கம்பியைத் தீயில் காட்டினாலும் கறுப்பாகிறது. அப்படியானால் செம்பும் சேர்மமா? இல்லை. சர்க்கரை தனக்குள் இருந்ததை இழந்து கறுத்தது, செம்பு காற்றிலிருந்த ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு தாமிர ஆக்சைடாகிக் கறுத்தது. எடைபோட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்: நுண்ணிய தராசில் செம்பின் எடை கூடியிருக்கும், சர்க்கரையில் எஞ்சியது குறைந்திருக்கும். மாற்றம் நடந்தது என்பது மட்டும் போதாது, பொருள் உடைந்ததா, வேறொன்றோடு சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

நீரையும் உடைக்கலாம். 9 வோல்ட் பேட்டரி, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில், ஒரு தம்ளர் தண்ணீர், மின்சாரம் எளிதாகப் பாய ஒரு கரண்டி சமையல் சோடா. பென்சில்களின் மேல்முனைகளைக் கம்பியால் பேட்டரியோடு இணைத்து, கீழ்முனைகளை ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் இறக்கினால் இரண்டிலும் சிறு குமிழிகள் கிளம்பும். பேட்டரியின் எதிர்முனையோடு (−) இணைத்த பென்சிலில்தான் அதிகக் குமிழி, அது ஹைட்ரஜன். கணக்குப்படி ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு, ஆனால் ஆக்சிஜனில் கொஞ்சம் பென்சில் கரியோடு சேர்ந்துவிடுவதால் நம் தம்ளரில் விகிதம் சரியாக வராது. சோடாவுக்குப் பதில் உப்பைப் போடவே கூடாது, குளோரின் வாயு வரும், அது நுரையீரலைக் கெடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். 1800-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நிக்கல்சனும் கார்லைலும் அப்போதுதான் வந்திருந்த வோல்டா மின்கலத்தை வைத்து நீரை இப்படித்தான் உடைத்தார்கள்.

விகிதத்தைக் கேட்பது

செய்து பார்க்க முடியாத பொருள்களுக்கு நான் கேட்கும் கேள்வி இது: இதன் அளவுகளை நம் விருப்பம்போல மாற்ற முடியுமா? 9 கிராம் நீரை எங்கே எப்படி உடைத்தாலும் 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்சிஜனும்தான் கிடைக்கும், இந்த விகிதத்தை மாற்றினால் அது நீராக இருக்காது. உப்புத் தண்ணீரிலோ, 100 கிராம் அறைவெப்ப நீரில் ஒரு சிட்டிகை உப்பும் போடலாம், சுமார் 36 கிராம் வரையும் போடலாம், எல்லாமே உப்புத் தண்ணீர்தான். முதலாவது சேர்மத்தின் குணம், இரண்டாவது கலவையின் குணம்.

இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு குணங்களும் ஒரே இடத்தில் தெரியும். எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் கலக்கலாம், கலந்த பிறகு காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஏறக்குறைய 7 பங்கு இரும்புக்கு 4 பங்கு கந்தகம் என்ற எடையில் கலந்து ஆய்வகத்தில் சூடாக்கினால் கலவை தானாகவே தணல் போல ஒளிர்ந்து, கறுத்த இரும்பு சல்பைடு கிடைக்கும். இப்போது காந்தத்தால் இரும்பைத் தனியே இழுக்க முடியாது, கந்தகத்தின் மஞ்சளும் காணாமல் போயிருக்கும். சேர்மத்தில் தனிமங்கள் தங்கள் குணத்தை இழக்கின்றன என்பது இதுதான். சாப்பாட்டு உப்பே இதற்குச் சாட்சி: நீரில் போட்டால் வெடித்துச் சிதறக்கூடிய சோடியமும் நச்சு வாயுவான குளோரினும் சேர்ந்ததை நாக்கில் வைக்கிறோம். இந்த உப்புச் சோதனையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சோடியத்தையும் குளோரினையும் தேடிப் போக வேண்டாம்.

மாத்திரை அட்டையிலும் உணவுப் பொட்டலத்திலும் இது அடிக்கடி வரும். "இரும்புச்சத்து", "கால்சியம்", "சோடியம் அதிகம்" என்று எழுதியிருந்தால் பளபளக்கும் உலோகம் உள்ளே இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஃபெரஸ் சல்பேட் போன்ற சேர்மம்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கின்றன, அதனால் சேர்மம் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே வகை அணு, ஆகவே தனிமம்தான். எண்ணிக்கையைப் பார்க்காமல் எத்தனை வகை என்று பாருங்கள். ஓசோனும் அப்படியே, மூன்று அணு இருந்தாலும் ஒரே வகை.

பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரைக் கலவை என்பார்கள். நீர் தூயதாக இருந்தால் இரண்டும் ஒரே சேர்மம், நிலைதான் வேறு. உருகுவதும் ஆவியாவதும் உடைவதாகாது.

கண்ணாடி ஒரு சேர்மம் என்று நினைப்பதும் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா, சோடியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு ஆகியவற்றின் அளவைத் தேவைக்கேற்ப மாற்றிச் செய்கிறார்கள், நிலையான விகிதம் கிடையாது. விகிதக் கேள்வியைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

இந்த வகைப்பாட்டில் பெரிய அறிஞர்களும் தவறியிருக்கிறார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1789-இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பு இருந்தது, ஏனென்றால் அன்று யாராலும் அதை உடைக்க முடியவில்லை. 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தின் உதவியால் அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தார், சுண்ணாம்பு பட்டியலிலிருந்து வெளியேறியது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் அளவுக்குக் கனமாக இருப்பதை இயற்பியலாளர் ராலே கவனித்தார். அந்தச் சிறிய வித்தியாசத்தை அவரும் வேதியியலாளர் ராம்சேயும் விடாமல் துரத்தியதில், தூய நைட்ரஜன் என்று எண்ணியதற்குள் ஆர்கான் ஒளிந்திருந்தது 1894-இல் தெரியவந்தது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் அது ஏறக்குறைய 0.93 சதவீதம். ஒருபடித்தான கலவை எவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைக்கே தொடங்குவதாக இருந்தால் கரண்டியில் துளி காய வைப்பதிலிருந்து தொடங்குங்கள், செலவே இல்லை. காய்ந்த பிறகு அந்த ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள்: கரண்டி எது, துளி எது, ஆவியாகிப் போனது எது, அது போய்ச் சேர்ந்த காற்று எது, எஞ்சிய வெள்ளை வளையம் எது? ஐந்தில் ஒன்றுதான் சேர்மம், மற்ற நான்கும் கலவை. வளையம் ஏன் கலவை என்று சொல்ல வரவில்லை என்றால் முதல் படியில் குழாய்த் தண்ணீரைப் பற்றி எழுதியதை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.